ஏர் மார்ஷலுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன்

அவர் முதன்முறை தொலைபேசியில் அழைத்தபோது பெயரைச் சொன்னார். பிறகு நான் கேட்காமலே, தாம் விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், அடையாற்றில் வசிப்பதாகவும், தமிழ் பேச வரும், எழுதப் படிக்கத்தான் வராது என்றும் சொன்னார். அப்பா டெல்லியில் அரசாங்க வேலையில் இருந்ததால் பள்ளிப் படிப்பு முழுவதும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கழிந்துவிட்டதாம். பூங்காவில் உடன் நடக்கும் நண்பர் ஒருவர் என் எண்ணைக் கொடுத்தாராம். செவ்வாய், வெள்ளி மாலைகளில் வரலாமா என்று கேட்டார்.

பெயரைக் கேட்டதுமே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வரலாம் என்றேன். அப்போது என் குரல் நடுங்கவில்லை என்பதை இன்றும் ஒரு சாதனையாகவே கருதுகிறேன்.

கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அதன் பிறகு சாந்தோமில் எங்கள் அடுக்ககத்து முன்னறையில், வளர்ந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரிகள், வெளிநாட்டில் வளர்ந்து இங்கே மருமகளாக வந்த பெண்கள் என்று பலரும் வருவார்கள். ஏர் மார்ஷல் ஒருவர் வருவது அதுவே முதல் தடவை.

என் கணவரும் விமானப்படைக்காரர்தான். சார்ஜன்ட். விமானத்தின் உடற்பகுதியையும் அதன் இயக்கக் கம்பிகளையும் பழுதுபார்ப்பது அவர் வேலை. பதினெட்டு ஆண்டுகள் ஜெட் எஞ்சின்களின் அருகில் நின்றதில் அவருடைய இடக் காது முற்றிலும் போய்விட்டது. வலக் காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அவரிடம் எதையாவது தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் எழுதித்தான் காட்ட வேண்டும். சாப்பாட்டு மேசையில் இதற்காகவே ஒரு குறிப்பேடு கிடக்கும். எங்கள் பிந்தைய இல்லறம் முழுவதும் அந்த மாதிரிக் குறிப்பேடுகளில்தான் இருக்கிறது. ரசத்தில் உப்புப் போதுமா என்பது முதல் எங்கள் மகனின் திருமணப் பேச்சு வரை.

நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்போது நாங்கள் வடமேற்கே ஒரு விமானத்தளத்தில் இருந்தோம். இன்றைய ஏர் மார்ஷல் அன்று ஸ்குவாட்ரன் லீடர். கெட்டிக்கார விமானி என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட. வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றுக்கு அவரைத் தேர்ந்தெடுக்கும் தறுவாய். விமானிகள் தொடையில் கட்டிய அட்டையில் குறிப்பெழுத ஒரு மெழுகுப் பென்சில் வைத்திருப்பார்கள். விமானி அறைக்குள் எந்தச் சிறு பொருள் விழுந்து காணாமல் போனாலும், தரையிறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொல்லிவிட்டால், அது கிடைக்கும்வரை அந்த விமானம் பறக்காது. தேவையானால் இருக்கையையே கழற்றித் தேடுவார்கள். பென்சில் துண்டு ஒன்று உருண்டு போய் இயக்கக் கம்பிக்கு அடியில் சிக்கினால், ஆகாயத்தில் விமானத்தைத் திருப்பும் கைப்பிடி அசையாது.

அன்று அவர் தரையிறங்கி, ஏணியில் நின்றபடியே தொடைப் பையைத் தடவிப் பார்த்தார். மறுபடி உள்ளே குனிந்து தேடினார். பிறகு இறங்கி வந்து பதிவேட்டில் "குறை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் கணவர். ஸ்குவாட்ரன் லீடர் தொலைத்ததாகச் சொல்லியிருந்தால், கவனக்குறைவு என்று ஒரு வரி அவர் கோப்பில் ஏறியிருக்கும். தேர்வு நடக்கும் வாரத்தில் அதை அவர் விரும்பவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் காலை அதே விமானத்தில் சென்ற இளம் விமானிக்குக் கைப்பிடி சிக்கிக்கொண்டது. அவர் போராடி விடுவித்து, ஓடுபாதையில் மோதுவதுபோல் இறங்கினார். சக்கரம் ஒடிந்தது, உயிர் தப்பியது. உள்ளே இரண்டாக உடைந்த மெழுகுப் பென்சில் கிடைத்தது. பழுதுபார்ப்பவர்களும் குறி போடுவதற்கு அதே பென்சிலைத்தான் வைத்திருப்பார்கள். முந்தைய மாலை அந்த அறைக்குள் கடைசியாக வேலை செய்தவர் என் கணவர். விசாரணையில் அவர் தாம் பார்த்ததைச் சொன்னார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஸ்குவாட்ரன் லீடர் மட்டும், இந்த சார்ஜன்ட் பொதுவாகவே அஜாக்கிரதையானவர் என்று எழுதிக் கொடுத்தார்.

கடும் கண்டனம் என்ற தண்டனை, என் கணவரின் பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறியது. அத்தோடு பதவி உயர்வு நின்றது. பணிக்காலத்தை நீட்டிக்கவும் மறுத்துவிட்டார்கள். விடுவிப்புச் சான்றிதழில் நடத்தை என்ற கட்டத்தில் "திருப்தி" என்று இருந்தது. வெளியார் அதைப் பாராட்டு என்று நினைப்பார்கள். விமானப் பராமரிப்பு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும். இரண்டு இடங்களில் அந்தத் தாளைப் பார்த்ததும் மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். போர் விமானங்களைத் தொட்ட கை, சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு ஸ்கூட்டர் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தது. நான் அந்தப் பட்டறையை இழிவாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் தெருவில் விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் அண்ணாந்து பார்க்க, அவர் மட்டும் குனிந்தே இருப்பார் என்று பட்டறைக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்த அதிகாரியின் உயர்வை நான் ஒரு பாடத்தைப் படிப்பதுபோல் படித்துவந்தேன். விங் கமாண்டர் ஆனதைக் கணவரின் பழைய நண்பர் ஒருவர் கடிதத்தில் எழுதினார். குரூப் கேப்டன், ஏர் கமடோர் எல்லாம் அப்படியே தெரியவந்தன. ஏர் வைஸ் மார்ஷல் ஆனபோது செய்தித்தாளில் படம் வந்தது. கல்லூரி நூலகத்தில் அதை நின்றபடியே படித்தேன். மார்பில் பதக்கங்கள் கூடிக்கொண்டே போயின. பாவசங்கீர்த்தனத்தின்போது, ஒரு மனிதரை இத்தனை ஆண்டுகளாக வெறுக்கிறேன் என்று பங்குத் தந்தையிடம் சொன்னேன். அவருக்காகச் செபியுங்கள் என்றார் தந்தை. செபித்தேன். அவருக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று செபித்தேன். தந்தை அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை மணி அடித்தபோது கதவைத் திறந்தவர் என் கணவர். எழுபத்தாறு வயது உடம்பு, கதவைத் திறந்த கணமே குதிகால் இரண்டையும் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்தது. வந்தவர், "வணக்கம், டீச்சர் மேடம் இருக்காங்களா?" என்று கேட்டு, நனைந்த குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். முகத்தில் அடையாளம் கண்டதற்கான சுவடே இல்லை. என் கணவர் குடையை விரித்துத் தாழ்வாரத்தில் காயவைத்தார்.

அன்று அவர் போன பிறகு, என் கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"வேணாம்மா. வயசாயிடுச்சி அவருக்கும். எழுத்து சொல்லிக்குடு, அனுப்பிடு."

"எழுத்துதான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்" என்று குறிப்பேட்டில் எழுதிக் காட்டினேன். அவர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கும் கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஏர் மார்ஷல் மிக நல்ல மாணவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. கோடு போட்ட நோட்டில், முதல் வகுப்புப் பிள்ளைபோல் ழகரத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருவார். கொம்பு விட்டுப்போனால் உண்மையாகவே வருந்துவார். மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றும், அவர் எழுதிவைத்த சமையல் குறிப்புகள் தமிழில் இருக்கின்றன என்றும் ஒருநாள் சொன்னார். நல்ல மாணவரை வெறுப்பது கடினம். ஆனால் முடியாத காரியமல்ல.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் முடித்ததும், கீழே பெயர், பதவி, சேவை எண், தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆத்திசூடி எழுதிய பக்கத்திலும் போட்டார். அது தேவையில்லை என்று முதல் வாரம் சொல்ல நினைத்தேன். "நாற்பது வருஷப் பழக்கம் மேடம். கையெழுத்து இல்லாத பேப்பர் எங்க சர்வீஸ்ல பேப்பரே இல்ல" என்று அவரே சிரித்தார். சொல்லாமல் விட்டேன்.

நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண்மணி அவரைப் படிக்கட்டில் அடிக்கடி பார்த்திருக்கிறாள். "இன்னா டீச்சர், அந்த மிலிட்டரி பெருசு இன்னும் அ, ஆ எழுதிக்கினுகீதா? என் பேத்தி எல்கேஜி பாஸாயி போய்ட்டா" என்றாள். அவரிடமே அதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆறு மாதத்தில் வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டார். கட்டுரைகள் கொடுத்தேன். முதன்முதலாகத் தனியாகப் பறந்த நாள், டெல்லிக் குளிர், மனைவியைப் பெண் பார்த்தது. நன்றாகவே எழுதினார். பிறகு, உங்கள் பணியில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் கொண்டுவந்தார். வேடிக்கைக் கதைபோல் எழுதியிருந்தார். இளம் வயதில் ஒரு பென்சிலைத் தொலைத்தேன், பயத்தில் சொல்லவில்லை, பெரிய ரகளை ஆயிற்று, கடவுள் அருளால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றரைப் பக்கம். கீழே கையெழுத்து.

எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். பிறகு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது முறை, ஒரு சார்ஜன்ட்டுக்குத் தண்டனை கிடைத்தது என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. அவர் பெயர் என்ன என்று கேட்டேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"ஞாபகம் இல்ல மேடம். நம்ம ஊர்ப் பையன்தான். மெட்ராஸ்."

உள்ளறையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. என் கணவர் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் எதிரில் இருந்தவரிடம், வாசகனுக்கு முழுவதும் தெரிய வேண்டும் சார் என்றேன். பதிவேட்டில் எழுதியது யார், எதற்காக, பென்சில் தொலைந்தது எழுதும்போதே தெரியுமா, விசாரணையில் நீங்கள் என்ன சொன்னீர்கள், அது உண்மையா: இவ்வளவுக்கும் விடை இருந்தால்தான் இது கட்டுரை என்றேன். தமிழ் வாத்தியார்கள் அப்படித்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது கட்டுரை நான்கு பக்கம் வந்தது. எல்லாம் இருந்தது. தெரிந்தே கையெழுத்திட்டேன், அந்த சார்ஜன்ட் அஜாக்கிரதையானவர் அல்ல, அவர் சொன்னதுதான் உண்மை என்று, சற்றே இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தார். நான்கு பக்கத்திலும் பெயர், பதவி, சேவை எண், தேதி. என் வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய உரைநடையைப் படித்துக் கண் கலங்கியிருக்கிறேன். இதைப் படித்தபோது கலங்கவில்லை. பசியோடு இருப்பவர் இலையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

தி.நகரில் ஒரு மண்டபத்தில் நடந்த விழாவுக்கு அவரைத் தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். முதன்முறையாகத் தமிழில் எழுதிப் படிக்கப்போகிறேன், நீங்களும் சாரும் வர வேண்டும் என்றார். அந்தப் பென்சில் பகுதியைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள், மனதில் நிற்கும் என்றேன். அவர் தயங்கவில்லை. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

நானும் கணவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். அவர் படித்தார், தடுமாறாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. அந்தப் பகுதி வந்தது. முடித்ததும், நான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்த அந்த இடத்தில், கைதட்டல் எழுந்தது. ஓயவேயில்லை. இவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தவர் தம் தவற்றைத் தாமே சொல்வதற்கு எத்தனை பெரிய மனது வேண்டும் என்று தொகுப்பாளர் தழுதழுத்தார். சால்வை போர்த்தினார்கள். அவர் கண்களிலும் நீர்.

என் கணவர் என் தோளைத் தொட்டார். "எதுக்கு இவ்ளோ கை தட்றாங்க?"

அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினேன்: "பென்சில் தன்னுடையது என்று சொல்லிவிட்டார்."

அதைப் படித்தார். மறுபடி படித்தார். மேடையைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி. கீழ டிபன் இருக்காம். இருந்து சாப்ட்டுட்டுப் போலாமா?" என்றார்.

டிபனுக்கு உட்கார்ந்தோம். என் கணவர் இரண்டாவது முறை கேசரி கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. எங்களிடமிருந்து எடுத்ததை வைத்து அந்த மனிதர் ஒரு பதக்கம் வாங்கியது போதாதென்று, எடுத்தேன் என்று சொல்லி இன்னொன்றும் வாங்கிக்கொண்டார். எங்கள் மதத்தில், பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது; பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு விதியை நான் எப்போதும் முழு மனதோடு நம்பிவந்திருக்கிறேன்.

அடுத்த செவ்வாயன்று அவர் இனிப்போடு வந்தார். பெட்டியைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, அந்த சார்ஜன்ட் என் கணவர் என்று சொன்னேன். உங்கள் குடையை வாங்கிக் காயவைத்தவர் என்றும் சொன்னேன்.

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எழுந்து உள்ளே போகப் பார்த்தவரை உட்காரச் சொன்னேன். மன்னிப்பு வேண்டாம், ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் வேண்டும், மண்டபத்தில் சொன்னதையே ஆங்கிலத்தில், அந்தச் சிவப்புப் பதிவை நீக்கும்படி எழுதிக் கொடுங்கள் என்றேன்.

பெட்டியை ஓரமாக நகர்த்திவைத்தார். பிறகு, "மேடம், இங்க தமிழ்ல நாலு பேர் முன்னாடி சொல்றது வேற. அங்க எழுதினா ஃபைல் திறப்பாங்க. என் பையன் இப்ப குரூப் கேப்டன். அடுத்த ப்ரமோஷனுக்கு போர்டு உட்காரப்போறது. நீங்க புரிஞ்சுக்கணும்" என்றார்.

புரிந்துகொண்டேன். தமிழ் அவருக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்பதையும் புரிந்துகொண்டேன். அவருடைய உலகத்தில் ஒருவரும் அதைப் படிக்கப்போவதில்லை.

நீங்கள் எழுத வேண்டாம் சார், நீங்கள் எழுதியாயிற்று என்றேன். நான்கு பக்கம், நான்கு கையெழுத்து, சேவை எண்ணோடு. நான் மொழிபெயர்த்து, நோட்டரியிடம் சான்று வாங்கி அனுப்பிக்கொள்கிறேன் என்றேன். நோட்டைத் திருப்பிக் கேட்டார். நோட்டு உங்களுடையதுதான், அந்தக் கட்டுரையை மட்டும் நான் இன்னும் திருத்தி முடிக்கவில்லை என்று சொல்லி, அந்த நான்கு தாள்கள் நீங்கலாக மற்றதைக் கொடுத்தேன்.

மனுவில் என் கணவர்தான் கையெழுத்திட வேண்டும். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன், அப்படியே சொன்னார். எனக்காகப் போடுங்கள் என்று எழுதிக் காட்டினேன். எனக்காக அவர் எதையும் மறுத்ததில்லை. மயிலாப்பூர் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாக அனுப்பினேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது: மனு பரிசீலனையில் இருக்கிறது, சம்பந்தப்பட்ட ஓய்வுபெற்ற அதிகாரியிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.

மறுநாள் அவர் வந்தார். அன்று வியாழக்கிழமை. என்னிடம் பேசவில்லை, நேராக உள்ளறைக்குப் போய் என் கணவரின் எதிரில் நின்று ஏதோ பேசத் தொடங்கினார். என் கணவர் காதைக் காட்டித் தலையசைத்தார். நான் குறிப்பேட்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன்.

ஏர் மார்ஷல் உட்கார்ந்து எழுதினார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. ஒரு பிழைகூட இல்லை. "நான் செய்தது தவறு. என்னை மன்னியுங்கள். என் மகனுக்கு இதில் பங்கில்லை. அவனுக்காக இந்த மனுவைத் திரும்பப் பெறுங்கள்." வழக்கம்போல் கீழே கையெழுத்திடப் போன பேனா, பாதியில் நின்றுவிட்டது.

என் கணவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். ஆரம்பம் முதல் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். இந்த நான்கு வரிக்கு அவர் இரங்கிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் குறிப்பேட்டைத் திருப்பி எதிர்ப்பக்கம் தள்ளினார்.

"அன்னிக்கி எனக்கும் அஞ்சு வயசுல ஒரு பையன் இருந்தான் சார். நீங்க க்வார்ட்டர்ஸ் பக்கம் வர்றப்ப உங்களுக்கு சல்யூட் அடிப்பான். தூக்கிக் கொஞ்சியிருக்கீங்க." காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் சொன்னார். "பேப்பர் போயிடுச்சி. அவங்க கேட்டதுக்குப் பதில் எழுதுங்க."

ஏர் மார்ஷல் எழுந்தார். வாசல்வரை நான் போகவில்லை. படியில் அவர் இறங்கும் ஓசை கேட்டது. கீழ்ப்படியில் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது. இன்னும் அவர் விளக்கம் அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் நான்கு தாள்களின் மூலப்பிரதியைக் கேட்பார்கள் என்று, மனுவைப் பார்த்துத் தந்த வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அவை என் பீரோவில், துணிகளுக்கு அடியில் இருக்கின்றன. தினமும் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். என் கணவரும் இப்போதெல்லாம் தபால்காரர் வரும் வேளையில் கிரிக்கெட்டை விட்டுவிட்டு, முன்னறையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.